பொருள்: 100% காட்டன் என்று விற்ற சமையல் கோட் உருகியது; பணத்தைத் திருப்பித் தரக் கோரி

வாடிக்கையாளர் சேவை மேலாளர் அவர்களுக்கு,

வணக்கம். இதே விஷயத்தை உங்கள் ஆட்கள் நான்கு பேரிடம் போனில் சொல்லியாகிவிட்டது. "போட்டோ அனுப்புங்க" என்பதோடு எல்லாரும் நிறுத்திக்கொண்டார்கள். அதனால் எழுத்தில் கேட்கிறேன்.

வாங்கியது 12 வெள்ளை டபுள் பிரெஸ்ட் கோட், 12 ஏப்ரன், 12 தொப்பி. மொத்தம் 13,560 ரூபாய். கோட்டின் லேபிளில் 100% காட்டன் என்று போட்டிருக்கிறது. உள்தையலில் நாலைந்து நூலை உருவி, இடுக்கியில் பிடித்துக் கொளுத்திப் பாருங்கள். காட்டன் என்றால் காகிதம் எரிகிற வாசனை வரும், விரலில் தேய்த்தால் தூளாகும் சாம்பல் மிஞ்சும். இந்த நூல் சுருங்கி உருகி, கறுப்பு மணியாக இறுகிவிடுகிறது. பாதிக்குப் பாதியாவது பாலியஸ்டர். உங்கள் சரக்கு, உங்களுக்குத் தெரியாமல் இருக்காது.

பாலியஸ்டர் சுமார் 260 டிகிரியிலேயே உருகும். காட்டனும் தீப்பிடிக்கும்தான், ஆனால் உருகித் தோலில் ஒட்டாது. பெரிய கடாயில் தாளிக்கும்போது எங்கள் மாஸ்டரின் கோட் கைமடிப்பு உருகி மணிக்கட்டில் ஒட்டிக்கொண்டது. துணியோடு தோலும் வந்தது.

இதைச் சொன்னதற்கு உங்கள் ஆள் ஒருவர், "அடுப்புக்குள்ள கையை விட்டா எந்தத் துணியும் எரியத்தான் செய்யும், வேலை தெரிஞ்ச ஆளா வைங்க" என்றார். முப்பது வருஷமாகக் கரண்டி பிடிப்பவரைப் பற்றி! பெயர் கேட்டேன், போனை வைத்துவிட்டார். அழைப்புகளைப் பதிவு செய்வதாக நீங்களே சொல்கிறீர்கள். எடுத்துக் கேளுங்கள்.

டிச் பட்டன் கேட்டிருந்தேன். கொதிக்கும் எண்ணெய் மேலே கொட்டினால் ஒரே இழுப்பில் கோட் கழன்றாக வேண்டும். வந்தது பிளாஸ்டிக் பட்டன். ஏழு கோட்டில் இரண்டாவது சலவைக்கே நூல் விட்டுவிட்டது. அது சாம்பாரில் விழுந்தால் யார் பதில் சொல்வது? பாலியஸ்டர் எண்ணெயைப் பிடித்துவைத்துக்கொள்ளும். சுடுநீரில் சோடா போட்டு அலசியும் சிக்குவாடை போகவில்லை. ஏப்ரன் முழங்காலுக்கு மேலேயே நிற்கிறது. துவைத்துச் சுருங்கியது என்று சொல்லாதீர்கள், துவைக்கும் முன்பே அளந்தேன். தொப்பியில் எலாஸ்டிக் தளர்ந்து முடி வெளியே வருகிறது. 2011 உணவு உரிம விதிமுறையின் நான்காம் அட்டவணைப்படி சுத்தமான உடையும் தலைமறைப்பும் கட்டாயம். ஆய்வுக்கு வந்தால் நோட்டீஸ் எனக்குத்தான் வரும், உங்களுக்கு வராது.

"சாம்பிள் கொண்டு வாங்க, உடனே மாத்தித் தர்றோம்" என்றதை நம்பி, கரூரிலிருந்து திருப்பூர் கிடங்குக்கு முகூர்த்த நாளில் வந்தேன். "ரிட்டர்ன் இங்க எடுக்கறதில்ல" என்று கேட்டிலேயே அனுப்பிவிட்டார்கள். அந்த ஒரு நாளால் இந்த சீசன் வருமானமே போனது. இதில் வேலை தெரிந்த ஆளை வைக்கச் சொல்கிறார்!

தயவுசெய்து 15 நாளுக்குள் முழுப் பணத்தையும் மாஸ்டரின் வைத்தியச் செலவையும் கொடுத்து, சரக்கை உங்கள் செலவில் எடுத்துச் செல்லுங்கள். இல்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் பதிவு செய்துவிட்டு மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன். தொழிலுக்கு வாங்கியவர் நுகர்வோர் இல்லை என்று தட்டிக்கழிக்க வேண்டாம். சுயதொழிலில் பிழைப்பவரையும் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் நுகர்வோர் என்றே சொல்கிறது.

உருகிய கோட்டைத் துவைக்காமல் அப்படியே வைத்திருக்கிறேன். பார்க்க வேண்டுமென்றால் ஆளை அனுப்புங்கள். கிடங்குக்கு இனி நான் வரமாட்டேன்.

இப்படிக்கு,
சமையல் காண்ட்ராக்டர், கரூர்