மேடவாக்கம் பள்ளமும் ஒரு மின்சார ஸ்கூட்டரும்

மேடவாக்கம்,
14.10.2025

ஏட்டி செல்வி,

கையெழுத்தைப் பார்த்து வேறு யாரோ எழுதியது என்று நினைத்துவிடாதே. நான்தான். வலது மணிக்கட்டு மாவுக்கட்டைப் பிரித்து மூன்று வாரம் ஆகிறது. தினமும் ஒரு பக்கம் பேனாவால் எழுத வேண்டும் என்று எனக்கு நானே பயிற்சி வைத்திருக்கிறேன். இன்றைய பக்கம் உனக்கு. ஒரு பக்கத்தோடு முடியாது என்று இப்போதே தெரிகிறது.

ஆகஸ்டில் விழுந்ததை அப்போதே சொல்லவில்லை என்று நீ போனில் அழுதது இன்னும் காதில் இருக்கிறது. அத்தையின் கண் ஆபரேஷனுக்காக நீ ஆஸ்பத்திரியில் கிடந்த நேரம். இதையும் சொல்லி உன்னை நெல்லை எக்ஸ்பிரஸ் ஏற வைக்க எனக்கு மனம் வரவில்லை. அத்தைக்குச் சொட்டு மருந்தை நேரம் தவறாமல் விடு. குனிந்து கோலம் போட விடாதே. சின்னவனின் மார்க் பார்த்தேன், சந்தோஷம். அல்வா வரவில்லை, அதையும் பார்த்தேன்.

விழுந்த கதையைப் போனில் பாதிதான் சொன்னேன். மாதவரத்திலிருந்து சோழிங்கநல்லூர் வரைக்கும் வருகிற மெட்ரோ பாதை எங்கள் தெரு முனையைத் தொட்டுக்கொண்டுதான் போகிறது. இரண்டாம் கட்டம் மொத்தம் 118.9 கிலோமீட்டர், மூன்று வழித்தடம். ஆதம்பாக்கம், மடிப்பாக்கம், கீழ்க்கட்டளை, கோவிலம்பாக்கம், மேடவாக்கம் என்று நான் தினமும் போகிற ஊர்கள் எல்லாம் அந்த ஒரே கோட்டில் இருக்கின்றன. நடுவில் தகரத் தடுப்பு, மிச்சத்தில் பஸ், லாரி, நாங்கள். அன்று மழை விட்ட சாயங்காலம். தண்ணீர் நின்றதால் பள்ளம் தெரியவில்லை. முன்சக்கரம் இறங்கியதும் ஹேண்டில் இடப்பக்கம் வெட்டியது, நான் வலப்பக்கம் சாய்ந்து உள்ளங்கையை ஊன்றினேன். பின்னால் வந்த பஸ்ஸின் முன்சக்கரம் என் காலுக்கு நாலடி தள்ளி நின்றது. டீக்கடையிலிருந்து ஓடி வந்த இரண்டு பேர்தான் தூக்கினார்கள். பஸ் டிரைவர் இறங்கி வந்து ஒரு வார்த்தையும் பேசாமல் என் பையைத் துடைத்துக் கொடுத்தார். அந்த மனுஷன் கை நடுங்கியதை நான் மறக்க மாட்டேன்.

கை ஒடிந்ததைவிடப் பெரிய வலி ஒன்று உண்டு. ஆதம்பாக்கத்தில் நான் வீட்டுக்குப் போய் பிசியோதெரபி கொடுக்கிற, பக்கவாதம் வந்த பாட்டியைப் பற்றிச் சொல்லியிருக்கிறேனே, இடது கையால் டம்ளரைப் பிடிக்க ஆரம்பித்திருந்தாள். ஐந்து வாரம் நான் போகவில்லை. மறுபடி போய்ப் பார்த்த அன்று விரல்கள் உள்ளே மடங்கிக் கிடந்தன. கோபமே படாமல், "வந்துட்டியா கண்ணு" என்று கேட்டாள். வெளியே வந்து படியில் உட்கார்ந்து அழுதேன்.

அதனால்தான் மின்சார ஸ்கூட்டர் வாங்குகிற இந்த விஷயத்தில் இத்தனை பிடிவாதம். "ஒனக்கு எதுக்குட்டி இம்புட்டு பவரு? ரேஸுக்கா போகப் போறே?" என்று நீ கேட்டாய். பதிலைப் போனில் சொல்ல முடியவில்லை, இப்போது சொல்கிறேன், பொறுமையாகப் படி.

பச்சை ஸ்கூட்டி ஞாபகம் இருக்கிறதா? ஈரடுக்குப் பாலத்தில் பாதி ஏறும்போதே திணற ஆரம்பிக்கும், நீ இறங்கி நடந்து வருவாய். வலு இல்லாத வண்டி மேட்டில் நின்றுவிடும், அவ்வளவுதான் என்று அப்போது நினைத்தோம். பள்ளத்தில் அது வேறு மாதிரி. மெதுவாகப் பள்ளத்தில் இறங்கி ஏறும்போது, சக்கரம் அடியில் இருக்கிற அந்த ஒரு நொடியில் வண்டி இழுக்க வேண்டும். இழுக்காவிட்டால் நாம் ஆக்ஸிலேட்டரை இன்னும் முறுக்குவோம், எஞ்சின் யோசித்துவிட்டுத் திடீரென்று பாயும், மண்ணில் சக்கரம் சுழலும். பின்னால் லாரி வேறு. மின்மோட்டார் நின்ற இடத்திலிருந்தே முழு இழுவை தரும். எனக்கு வலு வேண்டியது மணிக்கு 8 கிலோமீட்டர் வேகத்தில்தான், ஏட்டி. 80இல் போக இந்த ஊரில் எனக்கு ரோடும் இல்லை, ஆசையும் இல்லை.

ஆனால் அந்த இழுவை கையில் எப்படி வந்து சேர்கிறது என்பதில் வண்டிக்கு வண்டி வித்தியாசம். நான் நாலு வண்டி ஓட்டிப் பார்த்தேன். ஷோரூம்காரர்கள் நல்ல ரோட்டில் ஒரு ரவுண்டு கூட்டிப்போய், "எப்படி மேடம், வெண்ணெய் மாதிரி இருக்கா?" என்று கேட்பார்கள். என் ரோட்டில்தான் ஓட்டுவேன் என்று நின்றேன். ஓர் இடத்தில் முடியவே முடியாது என்றார்கள், வணக்கம் சொல்லிவிட்டு வந்துவிட்டேன். மற்ற இடங்களில் என் வேலைப் பையைக் கால் வைக்கும் இடத்தில் வைத்துக்கொண்டு, ஒரு பையனைப் பின்னால் உட்கார வைத்து, கோவிலம்பாக்கம் வரை போய் வந்தேன். வழியில் நான் விழுந்த பள்ளத்திலும் இறக்கி ஏற்றினேன். ஜல்லி கொட்டி மூடி, மறுபடி பெயர்ந்து கிடக்கிறது.

நாலில் ஒரு வண்டியில் மோட்டார் பின்சக்கரத்துக்குள்ளேயே இருந்தது. பெல்ட் கிடையாது, சத்தம் கிடையாது, ரிப்பேருக்கு உறுப்புகளும் குறைவு. நல்ல ரோடு உள்ள ஊரில், பிள்ளையை ஸ்கூலில் விட்டு வர, அதைவிடச் சுகமான ஏற்பாடு இல்லை. உன் பாளையங்கோட்டைக்கு அது போதும். என் ரோட்டில்தான் இடித்தது. ஏன் என்று என் தொழில் சொல்லிக் கொடுத்தது. கணுக்காலில் கட்டுகிற மணல் பை இருக்கிறதே, வெயிட் கஃப், அதில் ஒரு கிலோவை இடுப்பில் கட்டிக்கொண்டு நட, ஒன்றும் தெரியாது. அதையே கணுக்காலில் கட்டிக்கொண்டு நட, பத்து நிமிஷத்தில் தொடை சொல்லிவிடும். வீசி எடுக்கிற முனையில் பாரம் இருந்தால் உடம்புக்குச் செலவு பல மடங்கு. சக்கரமும் வண்டியின் பாதம்தான். மோட்டாரின் எடை முழுக்கச் சக்கரத்தில் இருந்தால், பள்ளத்தில் விழுந்த சக்கரம் சட்டென்று மேலே ஏறாது. அதை அடக்க ஸ்பிரிங் திணறும், மிச்ச அடி இருக்கை வழியாக இடுப்புக்கு வரும். மோட்டாரை நடுவில், ஸ்பிரிங்குக்கு மேலே வைத்து, பெல்ட்டால் சக்கரத்தைச் சுற்றும் வண்டியில் அதே பள்ளம் பாதிப் பள்ளமாகத் தெரிந்தது. பின்னால் இருந்த பையனும் அதையேதான் சொன்னான், நான் கேட்காமலே.

அந்த வண்டியும் முதல் ஓட்டத்தில் கல்லு மாதிரிதான் இருந்தது. சந்தேகப்பட்டு டயரைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தேன், அமுங்கவே இல்லை. ஷோரூமில் நிற்கும் வண்டிக்குக் காற்றை ஏற்றி வைத்திருக்கிறார்கள். கையேட்டில் போட்டிருந்த அளவுக்கு இறக்கச் சொல்லி மறுபடி ஓட்டினேன். வேறு வண்டியோ என்று தோன்றியது. நீ எந்த வண்டி வாங்கினாலும் முதலில் இதைப் பார். சக்கரம் 12 இன்ச்சா, 10 இன்ச்சா என்றும் பார். சின்னச் சக்கரம் பள்ளத்துக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும், பெரியது விளிம்பில் தாண்டிவிடும்.

எண்களில் ஏமாறாதே. ஒரு விளம்பரத்தில் டார்க், அதாவது சுழற்றுகிற வலு, 140 நியூட்டன் மீட்டர், இன்னொன்றில் வெறும் 26. எங்கள் வீட்டுக்காரர் உடனே 140ஐத்தான் எடுக்கணும் என்றார். சக்கரத்துக்குள் மோட்டார் உள்ள வண்டிக்குச் சக்கரத்தில் கிடைக்கும் கணக்கைப் போடுகிறார்கள். நடு மோட்டார் வண்டிக்கு மோட்டாரின் அச்சில் அளந்ததைப் போடுகிறார்கள். அது பற்சக்கரம், பெல்ட் வழியாகச் சக்கரத்துக்கு வரும்போது பல மடங்காகிவிடும். இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுவது, ஒருத்தியின் உயரத்தை அடியிலும் இன்னொருத்தியின் உயரத்தை மீட்டரிலும் சொல்வது மாதிரி. கிலோவாட்டைப் பார். 110 சிசி பெட்ரோல் ஸ்கூட்டர்கள் 5.8 கிலோவாட்டை ஒட்டி இருக்கும். மின்ஸ்கூட்டரில் போடுவது உச்ச அளவு, மோட்டார் சூடேறினால் அது குறையும். ஓட்டிக்கொண்டே இருக்கும்போது எவ்வளவு நிற்கும் என்று தனியாகக் கேட்க வேண்டும்.

ஒரு தடவை சார்ஜ் போட்டால் எவ்வளவு தூரம் ஓடும் என்ற கணக்கும் அப்படித்தான். அதில் ஒன்று எனக்குப் பிடித்தது. ஏத்தர் 450எக்ஸ் 2022இல் 3.7 கிலோவாட் மணி பேட்டரியோடு வந்தபோது, சோதனைக் கணக்குப்படி 146 கிலோமீட்டர் என்று போட்டுவிட்டு, ரோட்டில் நிஜமாகக் கிடைப்பது 105 என்று அவர்களே பக்கத்தில் போட்டார்கள். சென்னை ஐஐடியில் படித்த இரண்டு பேர் 2013இல் ஆரம்பித்த கம்பெனி, ஓசூரில் தயாராகிறது. என் ஓட்டம் நாளைக்கு 50 கிலோமீட்டர், மழையில் சுற்றிப் போனால் 60. நிஜத் தூரம் 100 இருந்தால் எனக்கு நிம்மதி, ராத்திரி கரண்ட் போனாலும் மறுநாள் ஓடிவிடலாம்.

இப்போது என் மணிக்கட்டுக்கு வருகிறேன். கையை எடுத்தாலே வேகம் குறைகிற வசதி இருக்கிறது பார், ஆக்ஸிலேட்டரை விட்டதும் மோட்டாரே பிரேக் மாதிரி இழுத்து, கொஞ்சம் கரண்டைப் பேட்டரிக்குத் திருப்பி அனுப்பும். பெட்ரோல் வண்டியில் ஆதம்பாக்கம் போய்ச் சேர்வதற்குள் எத்தனை தடவை வலது லீவரைப் பிடிப்பேனோ, விரலெல்லாம் இறுகிப்போகும். இதில் முன்னே பார்த்து, கையைத் தளர்த்திக்கொண்டே போனால் பாதிக்கு மேல் பிரேக்கே வேண்டாம். ஒரே ஒரு எச்சரிக்கை. பேட்டரி முழுசாக நிறைந்திருக்கும்போது இந்த இழுப்பு குறைவாக இருக்கும், கரண்ட் போய்ச் சேர இடம் இல்லையே. காலையில் வீட்டை விட்டு இறங்கும் முதல் சில கிலோமீட்டருக்கு அதை நம்பக் கூடாது.

அம்மாவுக்கு 2022இல் மின்வண்டிகள் தீப்பிடித்ததுதான் மனதில் நிற்கிறது. "மாடிப்படிக்குக் கீழே வைக்காதே" என்று தினமும் சொல்கிறாள். அவள் பயத்தை நான் தள்ளிவிடவில்லை. அதற்குப் பிறகு பேட்டரிப் பாதுகாப்பு விதியை, ஏஐஎஸ் 156, இறுக்கினார்கள். 2022 டிசம்பரில் ஒரு பகுதி, 2023 மார்ச் கடைசியில் மிச்சம். அதற்குப் பிறகு தயாரான வண்டிதான் வாங்குவேன், பழையது வேண்டவே வேண்டாம். வெயிலில் ஓடி வந்ததும் சார்ஜில் போடாமல் ஆற விடுவேன். மாடிப்படிக்குக் கீழே வைக்க மாட்டேன் என்று அம்மாவுக்கு வாக்கும் கொடுத்துவிட்டேன். அவள் சொன்னதில் தப்பில்லை, வெளியே போகிற ஒரே வழியில் எந்த வண்டியையும் நிறுத்தக் கூடாது.

தண்ணீர்தான் இன்னொன்று. பேட்டரிக்குப் போடுகிற ஐபி 67 என்ற தரக் குறியீடு என்றால் ஒரு மீட்டர் தண்ணீரில் அரை மணி நேரம் தாங்கும் என்று அர்த்தம். அது ஆய்வுக்கூடத்தில், நின்ற தண்ணீரில். வேளச்சேரியில் முழங்கால் தண்ணீருக்குள் பெட்ரோல் வண்டி நின்றுவிடும் இடத்தில் இது ஓடக்கூடும், புகைக்குழாய் இல்லை, காற்று இழுக்கும் வழியும் இல்லை. ஆனால் தண்ணீருக்கு அடியில் திறந்த சாக்கடை மூடி இருந்தால் எந்த வண்டியும் காப்பாற்றாது. ஓட முடிகிறது என்பதற்காக இறங்க மாட்டேன், இதை உனக்கும் வாக்காகத் தருகிறேன். 2015 வெள்ளத்தை நாம் பார்த்தவர்கள்.

பணக் கணக்கு சுருக்கமாக. செப்டம்பர் 22லிருந்து பெட்ரோல் ஸ்கூட்டருக்கு ஜிஎஸ்டி 28லிருந்து 18 சதவீதமாக இறங்கிவிட்டது, வீட்டில் அதையே திரும்பத் திரும்பச் சொல்கிறார். மின்வண்டிக்கு முன்பிருந்தே 5தான். எனக்கு ஒரு நாளைக்குப் பெட்ரோல் 110 ரூபாய் ஆகிறது. மின்வண்டிக்கு இரண்டு யூனிட் போதும், யூனிட் பத்து ரூபாய் என்றே வைத்தாலும் 20. ஆனால் இரண்டு மாத பில்லில் நூறு யூனிட்டுக்கு மேல் கூடும், அது நம்மை மேல் அடுக்குக் கட்டணத்துக்குத் தள்ளிவிடும். அதையும் சேர்த்துத்தான் கணக்குப் போட்டேன். அப்படியும் லாபம்தான்.

நடு மோட்டார் வண்டிதான் என்று மனதில் முடிவு செய்துவிட்டேன். ஒன்றே ஒன்று உறுத்துகிறது, அந்த பெல்ட். எங்கள் ரோட்டில் ஜல்லியும் சிமென்ட் சேறும் சேர்ந்து காய்ந்து, சக்கரத்தில் ஓடு மாதிரி ஒட்டிக்கொள்கிறது. நேற்று ஸ்க்ரூ டிரைவரால் பழைய வண்டியின் மட்கார்டுக்கு உள்ளே சுரண்டினேன், ஒரு பிடி வந்தது, நடுவில் மொச்சைக்கொட்டை அளவுக்கு ஒரு கல். அந்தக் கல் பெல்ட்டுக்கும் பற்சக்கரத்துக்கும் நடுவில் போனால்? ஷோரூமில் ஒன்றும் ஆகாது என்கிறார்கள். அவர்கள் விற்கிறவர்கள். உன் அண்ணன் வொர்க்‌ஷாப்புக்கு இந்த வண்டிகள் வருகின்றன என்றாயே. பெல்ட் எத்தனை ஆயிரம் கிலோமீட்டரில் மாற்றுகிறார், கல் கடித்த பெல்ட் எதையாவது பார்த்திருக்கிறாரா, பெல்ட்டின் மூடி அதை முழுசாக மறைக்கிறதா, இந்த மூன்றையும் கேட்டு எழுது. அண்ணன் சொன்னால் நான் நம்புவேன். பச்சை ஸ்கூட்டியை எட்டு வருஷம் ஓட வைத்த கை அது.

தீபாவளி முடிந்து 25ஆம் தேதி சனிக்கிழமை சாயங்காலம் முன்பணம் கட்டப் போகிறேன். அதற்குள் உன் பதில் வர வேண்டும். கை வலிக்க ஆரம்பித்துவிட்டது, நாளைக்கு ஆதம்பாக்கம் போக ஆட்டோவுக்கும் சொல்ல வேண்டும். பாட்டி நேற்று கட்டைவிரலை ஒரு தடவை தானாக நிமிர்த்தினாள்.

உன்,
சுப்பு