ராத்திரியில் பாலாடை பிடித்தவர்களுக்கு நன்றி

வேலூர், கணியம்பாடி, அணைக்கட்டு, குடியாத்தம் பக்கத்துக் கிராமங்களில், வயிற்றுப்பிள்ளையோடும் கைப்பிள்ளையோடும் மனச்சோர்வில் தவித்த பெண்களுக்குத் துணை நின்ற எல்லோருக்கும் வணக்கம். உங்கள் பெயரைப் போட்டால் அந்தப் பெண்கள் யாரென்றும் தெரிந்துவிடும். அதனால் செய்த வேலையைச் சொல்லியே நன்றி சொல்கிறோம்.

முதல் நன்றி, நாங்கள் பார்த்தே இராத 359 பெண்களுக்கு. தமிழ்நாட்டுக் கிராமத்துத் தாய்மாரைப் பற்றி வேலூர் மருத்துவர்கள் 2002-ல் வெளியிட்ட ஆய்வுக்காக, நிறைமாதத்தை ஒட்டி ஒருமுறை, பிரசவமாகி 6 முதல் 12 வாரத்துக்குள் ஒருமுறை என்று கேள்விகளுக்குப் பதில் சொன்னவர்கள் அவர்கள். பிரசவத்துக்குப் பிறகு புதிதாக மனச்சோர்வு கண்டவர்கள் 11 சதவீதம். காரணங்களாகத் தெரியவந்தவை: வருமானக் குறைவு, ஆண் பிள்ளையை எதிர்பார்த்த வீட்டில் பெண் பிறந்தது, மாமியாரோடும் பெற்றவர்களோடும் மனக்கசப்பு, கர்ப்ப காலத்தில் நேர்ந்த துயரச் சம்பவங்கள், கூடமாட வேலை செய்ய ஆளில்லாதது. இதில் கடைசியாக உள்ளதை மட்டும்தான் இன்றைக்கே சரிசெய்ய முடியும்.

அதைச் செய்த அம்மாக்களே, அத்தைமார்களே, ஆயாக்களே, கணவன்மார்களே, பெரிய கும்பிடு உங்களுக்குத்தான். பத்து மணிக்குப் பால் கொடுத்துவிட்டுத் தாய் படுத்தால் மூன்று மணி வரை எழுப்பாமல் பார்த்துக்கொண்டீர்கள். விட்டு விட்டுத் தூங்கும் எட்டு மணி நேரத்தைவிட, தொடர்ந்து தூங்கும் ஐந்து மணி நேரம் மனதுக்கு மருந்து. நடுவில் குழந்தை அழுதால், முன்பே பீய்ச்சி வைத்த தாய்ப்பாலைப் பாலாடை என்னும் மூக்கு வைத்த சின்னக் கிண்ணத்தில் ஊட்டினீர்கள். பீய்ச்சிய பால் சாதாரண அறைச் சூட்டில் நாலு மணி நேரம் தாங்கும் என்பார்கள். வேலூர் வெயில் காலத்தில் அந்தக் கணக்கை நம்பக் கூடாது, ஃபிரிட்ஜில்தான் வைக்க வேண்டும். எடுத்தபின் அடுப்பில் காய்ச்சாமல், வெந்நீர்க் கிண்ணத்துக்குள் வைத்துச் சூடேற்றினால் போதும். குழந்தையைச் சற்று நிமிர்த்திப் பிடித்து, பாலாடையின் மூக்கைக் கீழுதட்டில் வைத்து, குழந்தை உறிஞ்ச உறிஞ்சச் சாய்க்க வேண்டும். வாய்க்குள் ஊற்றினால் புரையேறும். தாய் படுக்கும் முன் பீய்ச்சாவிட்டால் விடியற்காலையில் மார்பு கட்டிக்கொண்டு வலிக்கும், அதோடு அந்த ஏற்பாடே நின்றுபோகும்.

கிராம சுகாதார செவிலியர்களுக்கு அடுத்த நன்றி. "நல்லாத்தானே கீறா, இன்னா கொற?" என்று வீட்டில் சொன்னதைக் கேட்டுத் திரும்பாமல், தாய்மாரின் மனச்சோர்வைக் கண்டுபிடிக்க உதவும் எடின்பரோ கேள்வித்தாளின் பத்துக் கேள்விகளையும் கேட்டீர்கள். வீட்டார் குழந்தையை எடை போடத் தூக்கிப்போன இடைவெளியில் தாயைத் தனியே கேட்டதில்தான் உங்கள் சாமர்த்தியம். கேட்பது கடந்த ஏழு நாளைப் பற்றி மட்டும். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை, மொத்தம் 30. புதிதாக வருபவர்கள் தவறுவது கூட்டலில்: 1, 2, 4-ம் கேள்விகளுக்கு முதல் பதில் பூஜ்யம், மற்ற ஏழுக்கும் முதல் பதில் மூன்று. 10 அல்லது அதற்கு மேல் வந்தால் மருத்துவரிடம் அனுப்புங்கள். பத்தாவது கேள்வி தன்னைத் தானே காயப்படுத்திக்கொள்ளும் எண்ணம் பற்றியது. அதற்குப் பூஜ்யம் தவிர வேறெது வந்தாலும், மொத்தம் எத்தனை என்று பார்க்கவே வேண்டாம், அன்றைக்கே கூட்டிப்போக வேண்டும். கர்ப்பிணிகளிடமும் இதையே கேட்டீர்கள். மசக்கை என்று தள்ளிவிடும் அழுகை பாதி அங்கேதான் பிடிபடுகிறது.

மருத்துவர்களே, ரத்தத்தில் ஹீமோகுளோபினும் தைராய்டும் பார்க்காமல் நீங்கள் மாத்திரை எழுதவில்லை. களைப்பும் தூக்கமின்மையும் அவற்றாலும் வரும். மனச்சோர்வுக்கான செர்ட்ராலின் மாத்திரை எழுதியபோது, பாலில் மிகக் கொஞ்சமே கலக்கிறது, பால் கொடுப்பதை நிறுத்த வேண்டாம், குழந்தை வழக்கத்துக்கு மாறாகத் தூங்கினாலோ குடிக்காவிட்டாலோ சொல்லுங்கள் என்று மாமியாரையும் உட்காரவைத்துச் சொன்னீர்கள். முதல் வாரம் குமட்டும், பலன் தெரிய இரண்டு முதல் நாலு வாரமாகும். இதைச் சொல்லாத இடத்தில் பத்தாவது நாளே மாத்திரை குப்பைக்குப் போகிறது. தெளிந்த பிறகும் குறைந்தது ஆறு மாதம் தொடர வேண்டும், தானாக நிறுத்தக் கூடாது. சீட்டு இல்லாமல் தூக்க மாத்திரை தரமாட்டேன் என்று மறுத்த மருந்துக்கடைக்காரருக்கும் இந்த வரியிலேயே நன்றி.

தாயத்து கட்டிவிட்டு, "ஆஸ்பத்திரிக்கும் போங்க" என்று சொல்லியனுப்பிய பூசாரிக்கும் சேர்த்துத்தான். பிரசவமான முதல் இரண்டு வாரத்தில், குழந்தை தூங்கினாலும் தாய் தூங்காமல், சம்பந்தமில்லாமல் பேசி, குழந்தை தன்னுடையது இல்லை என்றால் அது வெறும் சோர்வு இல்லை, அவசரம். தாயையும் குழந்தையையும் தனியே விடாமல், 108-ஐக் கூப்பிட்டு, அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரிக்கோ பாகாயத்திலுள்ள சி.எம்.சி. மனநல மையத்துக்கோ போக வேண்டும். நடு ராத்திரியில் யாரிடம் கேட்பது என்று தெரியாவிட்டால் 14416, அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலி மானஸ், தமிழிலேயே பேசலாம், காசு கிடையாது.

தாய் வீட்டிலிருந்து மூன்றாம் மாதமோ ஐந்தாம் மாதமோ புருஷன் வீட்டுக்குப் போகும்போதுதான் பலருக்கும் நூல் அறுகிறது. ஊர் மாறும், செவிலியர் மாறுவார், மாத்திரை தீர்ந்துபோகும், புது வீட்டில் சொல்லக் கூச்சம். போகும் ஊரின் செவிலியருக்கு முன்கூட்டியே போன் செய்து, ஒரு மாத மாத்திரையும் சீட்டும் கையில் கொடுத்தனுப்பியவர்களுக்கு நன்றி. 6, 10, 14-ம் வாரத் தடுப்பூசிக்கு வரும்போது கேட்கிறீர்கள், 9-ம் மாத ஊசிக்கு வரும்போதும் ஒருமுறை கேட்டுவிடுங்கள். அப்போதுதான் மனச்சோர்வு வருபவளும் உண்டு.