மரக்கன்றைச் சுற்றி ஒரு மீட்டர் விடுங்கள்

எங்கள் பேட்டைப் பூங்காவின் பராமரிப்புக்குப் பொறுப்பான அதிகாரிகளுக்கு,

வணக்கம். சென்ற வாரம் புல் வெட்டி முடித்த பிறகு, விளையாட்டுத் திடலை ஒட்டி நட்டிருக்கும் தெம்புசு மரக்கன்றுகளின் அடித்தண்டை யாராவது குனிந்து பார்த்தீர்களா? தரையிலிருந்து நான்கு விரல் உயரத்தில் பட்டை உரிந்து உள்மரம் வெளுத்துத் தெரிகிறது. சிலவற்றில் காயம் தண்டைச் சுற்றி வளையமாகவே விழுந்துவிட்டது.

புல்வெட்டியின் நைலான் நரம்பு ஒருமுறை உரசினால் கன்று தாங்கும். ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் பட்டால் தாங்காது. இலை சமைத்த உணவு வேருக்கு இறங்குவது பட்டையின் உட்புறம் வழியாகத்தான். அது முழுச் சுற்றும் அறுந்தால் வேர் பட்டினி. ஆனால் தண்ணீர் உள்மரம் வழியே மேலேறுவதால் இலை உடனே வாடாது. சில மாதம் பச்சையாகவே நிற்கும். பிப்ரவரி, மார்ச்சில் மழை ஓய்ந்ததும் மொத்தமாகக் காயும். 'வறட்சியால் பட்டுப்போனது' என்று குறிப்பெழுதிவிட்டு அதே குழியில் இன்னொன்றை நடுவீர்கள். பழி ஓரிடம், பாவம் ஓரிடம்.

நாங்கள் கேட்பது ஒன்றுதான். ஒவ்வொரு கன்றைச் சுற்றியும் ஒரு மீட்டர் விட்டத்துக்குப் புல்லை அகற்றி, மண்ணை மூடும்படி மரச்சில்லைப் பரப்பி மூடாக்குப் போடுங்கள். புல் இல்லாத இடத்தில் புல்வெட்டிக்கு வேலை இல்லை. ஏழெட்டு சென்டிமீட்டர் கனம் போதும். தண்டோடு சேர்த்துக் குவிக்க வேண்டாம்; கையகலம் இடைவெளி விடாவிட்டால் ஈரம் தங்கிப் பட்டை அழுகும், கரையானும் ஏறும். கொசு பெருகும் என்பீர்கள். மரச்சில்லில் நீர் தேங்காது, மண்ணுக்குள் வடிந்துவிடும். சில்லுக்குச் செலவும் அதிகமில்லை. கழித்த கிளைகளை அரைத்தாலே போதும்.

தண்ணீரும் மிச்சமாகும். இறுகிய களிமண்ணில் குழாயை வேகமாகத் திறந்துவிட்டால் நீர் கால்வாய்க்குத்தான் ஓடும். மழையில்லாத வாரங்களில் ஒரு கன்றுக்கு 20 லிட்டரை மெதுவாக இறக்கினால் வேர்வரை போகும். மூடாக்கு அதைக் காக்கும்.

புல் வெட்டும் தம்பிகளைக் குறை சொல்லவில்லை. வெயில் ஏறுமுன் முழுத் திடலையும் முடி என்றால், தண்டருகே உள்ள புல்லை யார் உட்கார்ந்து கையால் பிடுங்குவார்கள்? ஒப்பந்தத்தில் எழுதாதது தரையில் நடக்காது.

2023 மே 13 அன்று சிங்கப்பூரின் அங் மோ கியோவில் வெப்பம் 37 டிகிரி செல்சியசைத் தொட்டது. வெயில் கடுமையானால் நிழலில் ஒதுங்குங்கள் என்று அறிவுரை வருகிறது. எந்த நிழலில்? திடலின் ரப்பர் தரையில் நண்பகலுக்கு முன்பே வெறுங்கால் வைக்க முடியவில்லை. கூரை கேட்டால் 'மரம் வளரட்டும்' என்கிறீர்கள். மரத்தை வளரத்தான் விட மாட்டேன் என்கிறீர்கள். 2020இல் தொடங்கிய ஒரு மில்லியன் மரம் நடும் இயக்கத்தை நாங்களும் மெச்சுகிறோம். நடும் நாளில் மண்வெட்டியோடு படமெடுக்க வரிசை நிற்கிறது. ஆறு மாதம் கழித்து அந்தக் கன்றைப் போய்ப் பார்க்கத்தான் ஆளில்லை.

பேச்சு எங்கோ போய்விட்டது, பொறுத்துக்கொள்ளுங்கள். முழுச் சுற்றும் பட்டை போன கன்றுகளை மாற்றிவிடுங்கள். பாதிக்கு மேல் பட்டை மீந்தவை பெரும்பாலும் தேறும். மருந்தெதுவும் பூச வேண்டாம். அந்த ஒரு மீட்டர் வட்டத்தையும் மூடாக்கையும் அடுத்த புல்வெட்டுக்கு முன்பே செய்துதரும்படியும், வரும் ஒப்பந்தத்தில் அதை நிபந்தனையாகச் சேர்க்கும்படியும் பணிவோடு கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
பூங்காவுக்கு நாள்தோறும் வரும் பேட்டைவாசிகள்