டயர் சத்தம் கேட்கிறதா?

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. பெண்ணுக்குத் தேர்வு நேரம். வீட்டில் இருப்பது ஒரே கணினி, ராத்திரி பத்து மணிக்கு மேல்தான் எனக்கு முறை வருகிறது. கோபித்துக்கொள்ளாதே. அப்பாவின் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் சந்தோஷம்.

கணினியில் நீ ஆடுகிற கார் பந்தய கேமில், தனியாக ஓட்டினால் வெண்ணெய் மாதிரி போகிற கார், இருபது கார்களோடு பந்தயம் தொடங்கியதும் திக்குகிறது என்று எழுதியிருந்தாய். அதற்காக, படங்களை வரைகிற கிராபிக்ஸ் கார்டை மாற்றக் கிளம்பிவிடாதே. முதலில் ரெசல்யூஷனை (படத்தில் வரைகிற புள்ளிகளின் எண்ணிக்கையை) மட்டும் குறைத்துவிட்டு அதே பந்தயத்தை ஓட்டிப் பார். அப்போதும் எஃப்.பி.எஸ். (வினாடிக்கு எத்தனை படம் என்கிற கணக்கு) ஏறவில்லை என்றால் கார்டின் மேல் தப்பில்லை. அத்தனை கார்களின் அசைவையும் கணக்குப் போட முடியாமல் கணினியின் மூளையான பிராசசர்தான் திணறுகிறது. எதிராளிகளைப் பன்னிரண்டாகக் குறை.

எஃப்.பி.எஸ். ஏறினால், நீ படத் தரம் எல்லாவற்றையும் உச்சமான 'அல்ட்ரா'வில் வைத்திருக்கிறாய் என்று அர்த்தம். உன்னை எனக்குத் தெரியாதா? பின்பக்கக் கண்ணாடியில் தெரிவதைக் கணினி தனியாக இன்னொரு முறை வரைகிறது. கார் உடம்பின் பளபளப்புக்கும் பல கேம்களில் ஆறு பக்கமும் சுற்றுப்புறத்தை வரைய வேண்டியிருக்கிறது. இந்த இரண்டையும், கூடவே நிழலையும் நடுத்தரத்துக்கு இறக்கு. கார்டில் மெமரி போதுமான அளவு இருந்தால் பொருள்களின் மேற்பரப்பு நுணுக்கத்தைக் காட்டுகிற டெக்ஸ்சரைத் தொட வேண்டாம். வேகத்தில் படத்தை மங்கலாக்கிக் காட்டுகிற மோஷன் பிளரை அணைத்துவிடு, எனக்கு அது தலைவலிதான் தந்தது.

அழகு போகிறதே என்று அழாதே. 200 கிலோமீட்டர் வேகத்தில் 30 எஃப்.பி.எஸ். என்றால் ஒரு படத்துக்கும் அடுத்ததற்கும் நடுவே கார் கிட்டத்தட்ட இரண்டு மீட்டர் தாண்டிவிடும். 60 வந்தால் ஒரு மீட்டருக்கும் குறைவு. பிரேக் பிடிக்கிற இடத்தில் அந்த ஒரு மீட்டர் பெரிய விஷயம். ஸ்டீயரிங் கொஞ்சம் தாமதமாகத் திரும்புகிற மாதிரி இருந்தால் படங்களைத் திரையின் வேகத்தோடு ஒத்துப்போக வைக்கிற வி-சின்க்கையும் அணைத்துப் பார். திரையில் படம் கிழிந்த மாதிரி ஒரு கோடு தெரியலாம், பழகிவிடும்.

அப்புறம் சத்தம். நான் இத்தனை வருஷமும் பாட்டை முழுசாக அலறவிட்டு ஓட்டினவன். போன வாரம், மகள் தூங்குகிறாளே என்று ஹெட்போன் மாட்டி, பாட்டை நிறுத்தி, இன்ஜின் சத்தத்தை 60-க்கு இறக்கி, டயர் சத்தத்தை 100-க்கு ஏற்றினேன். இறக்கத்தில் வலது பக்கம் திரும்புகிற ஒரு வளைவு இருக்கிறது. தினமும் நான் புல்லில் போய் விழுகிற இடம். அன்று காதில் முதலில் மெல்லிய முனகல் ஒன்று கேட்டது. ஸ்டீயரிங்கை இன்னும் திருப்பினேன், அது கீச்சென்று ஏறியது. அதற்கும் மேல் திருப்பியதும் சத்தம் மட்டமாகி, கார் வெளியே நழுவிவிட்டது. அடுத்த சுற்றில் கீச்சு வந்த உடனே கையைக் கொஞ்சம் தளர்த்தினேன். கார் வளைவை விட்டு விலகவே இல்லை!

இன்ஜினும் அப்படித்தான் பேசுகிறது. நான்கு சிலிண்டர் இன்ஜின் 6000 ஆர்.பி.எம்.மில் (நிமிடத்துக்கு 6000 சுற்றில்) வினாடிக்கு 200 முறை வெடிக்கிறது. அந்தச் சுருதி காதில் பதிந்துவிட்டால் கியர் மாற்ற முள்ளைப் பார்க்க வேண்டியதில்லை. இரண்டு நாளாக நான் பார்ப்பதே இல்லை.

சரி, ரெசல்யூஷனைக் குறைத்துப் பார்த்ததும் என்ன ஆயிற்று என்று எழுது. கார்டுக்கு அதுவரை பணம் கொடுத்துவிடாதே.

அன்புடன்,
உன் பழைய நண்பன்