கம்போங் மேடான்: இனச் சண்டை மட்டும்தானா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

இன நல்லிணக்கம் பற்றிய பேச்சு எழும்போதெல்லாம், 2001ஆம் ஆண்டு மார்ச் மாதம் மலேசியாவின் பெட்டாலிங் ஜெயா நகரிலுள்ள கம்போங் மேடான் வட்டாரத்தில் நடந்த கலவரம் நம்மவர்களின் நினைவுக்கு வருகிறது. ஆறு பேர் மாண்டனர், பெரும்பாலோர் இந்தியர்கள். ஆயினும் ஒரு திருமணமும் ஓர் இறுதிச்சடங்கும் அருகருகே நடந்த நேரத்தில் மூண்ட தகராறு இத்தனை உயிர்களைக் குடிக்கும் அளவுக்கு ஏன் பரவியது என்பதற்கு இனம் ஒன்றே விடையாகாது.

தோட்டங்கள் வீடமைப்புக்கும் தொழிற்பேட்டைகளுக்கும் கைமாறியபோது லயத்து வீட்டையும் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடு) வேலையையும் ஒருசேர இழந்து பட்டணத்துக்கு வந்த நம் மக்கள், புறம்போக்கு நிலங்களிலும் நெருக்கமான நீண்ட வீடுகளிலும் ஒண்டிக் குடியிருந்தார்கள். கிராமத்தை விட்டு வந்த மலாய்க்காரர்களும் பிழைப்புத் தேடி வந்த இந்தோனேசியர்களும் பக்கத்திலேயே ஏறக்குறைய அதே வறுமையில் வாழ்ந்தார்கள். 1971இல் அரசாங்கம் தொடங்கிய புதிய பொருளாதாரக் கொள்கையின் முதல் இலக்கே இன வேறுபாடின்றி வறுமையை ஒழிப்பதுதான். அந்த 'இன வேறுபாடின்றி' என்பது தோட்டப்புறத்தை எட்டவில்லை என்ற நம் மனக்குறை நியாயமானது. ஆனால் அதற்குப் பதில் சொல்ல வேண்டியவர், ஒழுகும் கூரையின் கீழ் வீட்டுக்குக் காத்திருந்த பக்கத்து வீட்டு மலாய்க்காரர் அல்லர்.

கலவரத்தை ஆராய அரச விசாரணை ஆணையம் அமைக்கப்படவேயில்லை. நடந்தது என்ன என்பதை அதிகாரபூர்வமாகக் கேட்டறியாத குடும்பங்களை ஒற்றுமை விருந்துக்கு அழைத்துப் படம் எடுப்பதால் (அந்தப் படங்களைத் தங்கள் நாளேடும் தவறாமல் வெளியிடுகிறது) மனக்காயம் ஆறிவிடாது.

இன்று மலிவு விலை அடுக்குமாடிகளில் எல்லா இனத்தவரும் ஒரே மின்தூக்கி பழுதடைவதற்காகத் திட்டுகிறார்கள், ஒரே வாகன நிறுத்துமிடத்துக்காகச் சண்டையிடுகிறார்கள். 2013ஆம் ஆண்டு அடுக்குமாடி நிர்வாகச் சட்டத்தின்படி வீட்டு உரிமையாளர்கள் கூடித் தேர்ந்தெடுக்கும் நிர்வாகக் குழுவில் நம்மவர்கள் போட்டியிட வேண்டும். பராமரிப்புக் கட்டணக் கணக்கை அண்டை வீட்டு மலாய்க்காரரோடு அமர்ந்து சரிபார்க்க வேண்டும். வாடகைக்கு இருப்போருக்கு அக்கூட்டங்களில் வாக்கில்லை என்பதால், ருக்குன் தெத்தாங்கா போன்ற அக்கம்பக்கக் குழுக்களில் அவர்களுக்கு இடம் கிடைக்கச் சட்டமன்ற உறுப்பினர்கள் ஆவன செய்யுமாறு தங்கள் நாளேட்டின் வழியாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாசகர்,
பெட்டாலிங் ஜெயா