சுராபாயாவின் சி.எல்.எஸ். நைட்ஸ்

அன்புள்ள முரளி,

உன் கடிதம் கிடைத்தது. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் மனசுக்கு நிம்மதி. ஒரு மாதமாவது அடுப்பு வேலையை அவரிடம் விடாதே.

2019இல் ஆசியான் கூடைப்பந்து லீக்கை வென்ற சி.எல்.எஸ். நைட்ஸ், அதாவது இந்தோனேசியாவின் சுராபாயா நகர அணி, அடுத்த பருவத்தில் ஏன் காணாமல் போனது என்று கேட்டிருந்தாய். தோற்றுத் தோற்று மூடிய கிளப் இல்லை அது. அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். இந்தோனேசிய லீக்கின் சுருக்கப் பெயரைத் தமிழில் எழுதினால் கிரிக்கெட் ஐ.பி.எல். மாதிரியே இருக்கும்; எனவே ‘உள்நாட்டு லீக்’ என்றே சொல்கிறேன்.

சி.எல்.எஸ். என்றால் சஹாயா லெஸ்தாரி சுராபாயா. 1946இல், நாடு விடுதலையை அறிவித்த மறு வருடம் தொடங்கிய கிளப். உள்நாட்டு லீக் 1982இல் கோபாதாமா என்ற பெயரில் ஆரம்பித்து, 2003இலும் 2010இலும் 2016இலும் பெயர் மாறியது. 2010 முதல் 2015 வரை அதை நடத்தியதே சுராபாயாவின் டி.பி.எல். நிறுவனம்தான். அந்த ஐந்து பருவமும் கோப்பை ஜகார்த்தாவுக்கே போனது: சத்ரியா மூடாவுக்கு மூன்று, ஆஸ்பாக்குக்கு இரண்டு. 2016இல்தான் வாஹ்யு விதாயத் ஜாத்தியின் பயிற்சியில் சி.எல்.எஸ். இறுதிச்சுற்றில் பெலித்தா ஜாயா அணியை 2-1 என்ற ஆட்டக் கணக்கில் சாய்த்தது. சி.எல்.எஸ்.ஸின் ‘கார்டு’, அதாவது பந்தை முன்னெடுத்து ஆட்டத்தை நடத்துபவர், மாரியோ வுய்சாங்; 2012இல் இந்தோனேசியா வாரியர்ஸோடு ஆசியான் லீக்கையும் வென்றவர்.

அடுத்த வருடமே சிக்கல் வந்தது. ஒவ்வொரு கிளப்பும் ‘பி.டி.’யாக, அதாவது பங்குதாரர்கள் உள்ள லிமிடெட் கம்பெனியாக இருக்க வேண்டும் என்று லீக் கேட்டது. சி.எல்.எஸ். ஒரு ‘யாயாசான்’, நம் அறக்கட்டளை போன்றது. இரண்டுக்கும் உள்ள வேறுபாடு வெறும் பெயர்ப்பலகையில் இல்லை. 2001ஆம் வருட 16ஆம் எண் சட்டப்படி யாயாசானின் சொத்தை, அதை நிறுவியவர்களோ நிர்வாகிகளோ பங்கு போட்டுக்கொள்ள முடியாது. அது ஒரு தொழிலில் முதல் போடலாம், ஆனால் மொத்தச் சொத்தில் 25 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. பி.டி. தொடங்குவது சுலபம்: அன்றைய சட்டப்படி குறைந்தது இரண்டு நிறுவனர்கள் போதும். ஆனால் அணி கம்பெனிக்குப் போய்விட்டால், பங்கு யார் கையில் அதிகமோ அவர்தான் முடிவெடுப்பார். விற்கலாம், ஊரை மாற்றலாம், மூடலாம். எழுபது வருடச் சங்கம் தயங்கியதில் எனக்கு வியப்பில்லை. லீக் பக்கமும் நியாயம் உண்டு: கணக்கும் பொறுப்பும் தெளிவாக இருக்கும், முதலீடும் வரும். சி.எல்.எஸ். இணங்கவில்லை, உள்நாட்டு லீக்கை விட்டு 2017–18இல் ஆசியான் லீக்குக்குப் போனது.

அங்கே செலவின் கணக்கே வேறு. அன்று உள்நாட்டு லீக்கில் அணிகளெல்லாம் ஒரு ஊரில் கூடி வார இறுதியில் ஆடிவிட்டு அடுத்த ஊருக்கு நகரும். ஆசியான் லீக்கிலோ சொந்த ஊர், எதிரணி ஊர் என்று மாறி மாறி ஆட வேண்டும். 2018–19இல் 10 அணிகள், ஆளுக்கு 26 ஆட்டம். பாதி ஆட்டங்களுக்கு மணிலா, ஹோ சி மின் நகரம், ஹாங்காங், மக்காவ், தைவான் என்று பறக்க வேண்டும். மீதிக்குச் சொந்த ஊரில் அரங்கச் செலவு. போதாக்குறைக்கு வெளிநாட்டு ஆட்டக்காரர்களின் சம்பளம். இத்தனைக்கும் ஸ்பான்சர்தான் ஆதாரம். அந்தப் பருவத்தில் பி.டி.என். வங்கியின் பெயர் அணியின் பெயரோடு சேர்ந்தே வந்தது.

முதல் பருவம் சரியாகப் போகவில்லை. முன்பு அமெரிக்காவின் என்.பி.ஏ. லீக்கில் ஆடிய பிரையன் ரௌசம் பயிற்சியாளராக இருந்த 2018–19இல் எல்லாம் பொருந்தி வந்தது. மாக்ஸி ஈஷோ, டக்ளஸ் ஹெரிங், உயரத்துக்கு டாரில் வாட்கின்ஸ், உள்ளூரிலிருந்து சாண்டி ஃபெபியான்ஷா, ஆரிஃப் ஹிதாயத். கூடவே சிங்கப்பூர்க்காரர் வோங் வெய் லாங். இறுதிச்சுற்றில் எதிரணி, அவர் பல வருடம் ஆடிய சிங்கப்பூர் ஸ்லிங்கர்ஸ்! நாலு ஆட்டத்தில் ஆளுக்கு இரண்டு. மே 15 அன்று சிங்கப்பூரிலேயே ஐந்தாவது ஆட்டம்: 84-81 என்று சி.எல்.எஸ். வென்றது. மூன்றே புள்ளி. 2016, 2017 இறுதிகளிலும் தோற்றிருந்த ஸ்லிங்கர்ஸுக்கு அது மூன்றாவது அடி. வோங்குக்குச் சொந்த ஊரில், பழைய கிளப்பை வென்று கிடைத்த கோப்பை. அந்தக் கடைசிச் சில நிமிடங்களை நீ கட்டாயம் தேடிப் பார்.

அடுத்த பருவத்துக்குச் சி.எல்.எஸ். வரவில்லை. கோப்பையை வென்றதால் விமானச் செலவு குறையவில்லை. உள்நாட்டு லீக்கின் கதவையும் அவர்களே சாத்திவிட்டு வந்திருந்தார்கள். ஆசியான் லீக்கில் ஒரு வருடம் பணத்துக்குத் தட்டுப்பாடு வந்தால் ஒதுங்கி நிற்க இடமே இல்லாமல் போனதுதான் அடிப்படைக் கோளாறு என்பது என் கணிப்பு. பி.டி. விஷயத்தில் பிடிவாதம் சரியா தவறா என்று நீ வாதாடுவாய், தெரியும். பிடிவாதம் சரி, ஆனால் உள்நாட்டு லீக்கை விட்டு வெளியேறியது தவறு என்பேன்.

இன்னொன்று. அதே 2019 மார்ச்சில் உள்நாட்டுக் கோப்பையை வென்ற ஸ்டாபாக்கும் (பழைய ஆஸ்பாக்தான், 1986இல் தொடங்கியது) அடுத்த பருவத்தில் இறங்கவில்லை. அவர்கள் சொன்ன காரணம் வேறு: முக்கிய ஆட்டக்காரர்களைத் தேசிய அணி அழைத்துக்கொண்டது. ஒரே வருடத்தில் உள்நாட்டு சாம்பியனும் ஆசியான் சாம்பியனும் களத்தில் இல்லை!

சுராபாயாவில் பசிஃபிக் சீசர் இன்னும் உள்நாட்டு லீக்கில் ஆடுகிறது. அதைப் பற்றி அடுத்த கடிதத்தில் எழுதுகிறேன். அம்மாவை விசாரித்ததாகச் சொல்.

அன்புடன்,
கண்ணன்