ஆக்சிஜன் அறை விளம்பரங்கள்

ஆசிரியருக்கு,

சோர்வு பறக்கும், தோல் மினுங்கும் என்று சற்றே கூடிய காற்றழுத்தத்தில் ஆளை உள்ளே வைத்து மூச்சுவிடச் செய்யும் ‘மிதமான’ ஆக்சிஜன் அறைக்கு ஆள் பிடிக்கும் விளம்பரங்கள் பெருகிவிட்டன. ஜிப் வைத்த அந்தக் கூட்டுக்குள் அழுத்தம் வெளியில் இருப்பதைவிட 1.3 மடங்குதான். வெறும் காற்றை அடைத்தால், வெளியே சுமார் 27 சதவீத ஆக்சிஜனைச் சுவாசிப்பதற்குச் சமம். ஆஸ்பத்திரியில் மூக்குக் குழாய் வழியே நிமிடத்துக்கு 2 லிட்டர் விட்டாலே அவ்வளவு கிடைத்துவிடும். இதற்கா இத்தனை ஆர்ப்பாட்டம்? ஆறாத சர்க்கரைப் புண்ணுக்கு மருத்துவர்கள் தருவது 2 முதல் 3 மடங்கு அழுத்தத்தில் தூய ஆக்சிஜன். சரி, அதுவும் விளையாட்டுக் காரியமில்லை. 2025 ஜனவரியில் அமெரிக்காவின் மிச்சிகனில் தனியார் மையமொன்றில் அத்தகைய தூய ஆக்சிஜன் அறை தீப்பற்றி, 5 வயதுச் சிறுவன் உள்ளேயே இறந்தான். இங்கே இந்த அறைகளை யார் சோதிக்கிறார்கள்? சுகாதாரத் துறை சொல்லட்டும்.

– ஒரு வாசகர், கோவை